வாளியில் எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர்?



நான் படிவம் 5 மாணவன். இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதப் போகிறேன். வீடு பெஸ்தாரி ஜெயாவில். ஊரின் பெயர் 2007இல் மாறிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் குடும்பம் தோட்டத்து லயத்தை விட்டு டவுன் பக்கம் குடிவந்துவிட்டது. பாட்டி மட்டும் இன்னும் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு மணி அடித்துவிட்டதோ என்று பயந்து எழுந்த பழக்கம், இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை.

பள்ளியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பாடங்கள் மாறி மாறி வருகின்றன. மணி அடித்ததும் ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறக்கிறோம். பதினோரு வருடமாக இப்படியே. இவ்வளவு பாடத்தில் எது எனக்குள் போனது, எது பரீட்சை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிட்டது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனை தானாக வரவில்லை. நான் செய்த ஒரு தப்பினால் வந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் செய்த தப்பு

படிவம் 3இல் வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஃபோலியோ செய்யச் சொன்னார்கள். நம் வட்டாரத்தின் வரலாறு என்பது தலைப்பு. ஒரு மாதம் தவணை. நான் அந்த மாதம் முழுக்க ஃபுட்சால் விளையாடினேன். கடைசி ராத்திரி, புக்கிட் மெலாவத்தியைப் பற்றி இணையத்தில் மூன்று நான்கு இடங்களில் இருந்ததை எடுத்தேன். வெட்டி, ஒட்டி, எழுத்துருவை மாற்றி, அட்டையில் கலங்கரை விளக்கத்தின் படத்தைப் போட்டுக் காலையில் கொடுத்துவிட்டேன். 1784இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தது, மறு வருடமே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டது, 1907இல் குன்றின் மேல் கலங்கரை விளக்கம் எழுந்தது, எல்லாம் அதில் இருந்தது. தகவலில் பிழை கிடையாது. வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். ஆசிரியர் அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பாட்டி மட்டும், "எனக்குப் படிச்சுக் காட்டுய்யா" என்றார். ஃபோலியோ மலாய்மொழியில் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"அந்த மலைக்கு நீ எப்பய்யா போன?"

"போகல பாட்டி. சின்ன வயசுல குரங்குக்குக் கடலை போடப் போனதுதான்."

"அப்ப இதெல்லாம் யாரு பார்த்தது?"

எனக்குப் பதில் வரவில்லை. நெட்டிலிருந்து எடுத்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். பாட்டி திட்டவில்லை. பால்மரம் வெட்டிய காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார்.

காலையில் மரம் வெட்டி, மங்குகளில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து, தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவார்கள். அங்கே கிராணி எடை போடுவார். வாளி கனமாக இருந்தால் கூலி கூடும் என்று நினைத்துச் சிலர் வழியில் இருக்கும் அல்லூரில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். "பசி ஐயா, பசி. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார் பாட்டி. ஆனால் கிராணி எடையோடு விட மாட்டார். பாலுக்குள் ஒரு மிதவைக் கருவியை விடுவார். மெட்ரோலாக் என்று அதற்குப் பெயர். அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டிவிடும்.

கதையை முடித்துவிட்டுப் பாட்டி கேட்டார்: "உன் வாளியில எவ்வளவுய்யா பால், எவ்வளவு தண்ணி?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஆசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். துணிச்சலினால் போகவில்லை, பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டு, "உன் பாட்டியைப் பற்றியே எழுதிக் கொண்டு வா, நாலு பக்கம் போதும்" என்றார். எழுதினேன். என் சொந்த மலாய்மொழியில், என் சொந்தப் பிழைகளோடு. முதல் ஃபோலியோவை விட மிகவும் குறைவான மதிப்பெண்தான் கிடைத்தது. இன்று அந்த முதல் ஃபோலியோவில் இருந்த ஒரு வாக்கியம்கூட எனக்கு ஞாபகமில்லை. அந்த நாலு பக்கத்தில் ஒரு வரிகூட மறக்கவில்லை.

ஒரே எழுத்து வித்தியாசம்

நம்மில் பலருக்கு ல, ள இரண்டும் குழப்பம். எனக்கும்தான். தமிழ்ப் பாடத்தில் ஒரு முறை திருக்குறள் அதிகாரங்களின் பெயர்களை எழுதும்போது, கல்லாமை என்று எழுத வேண்டிய இடத்தில் கள்ளாமை என்று எழுதிவிட்டேன். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இரண்டும் இருக்கிறது, ஆனால் வேறு வேறு" என்று எழுதியிருந்தார். எடுத்துப் பார்த்தேன். கள்ளாமை 29ஆம் அதிகாரம், திருடாமல் இருப்பதைப் பற்றியது. கல்லாமை 41ஆம் அதிகாரம், படிக்காமல் இருப்பதைப் பற்றியது. நடுவில் 40ஆம் அதிகாரமாகக் கல்வி.

அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஃபோலியோ விஷயத்துக்குப் பிறகு அந்தச் சிவப்பு வட்டம் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. நான் இணையத்திலிருந்து எடுத்தபோது யாருடைய பொருள் குறைந்தது? எழுதியவருக்கு அவர் எழுதியது அப்படியே இருக்கிறது. ஆசிரியரை ஏமாற்றினேன், அது ஒரு குற்றம். உண்மையாக உழைத்த மாணவனின் முதலிடத்தைப் பறித்தேன், அது இன்னொரு குற்றம். ஆனால் அதிகம் பறிகொடுத்தவன் நான்தான். என் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்த ஒரு மாதத்தை நானே என்னிடமிருந்து திருடிக்கொண்டேன். பாடத்தில் கள்ளம் செய்தால் அங்கே கல்லாமைதான் மிஞ்சுகிறது. நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

பாட்டியிடம் கேட்ட பாடங்கள்

அந்த நாலு பக்கத்துக்காகப் பாட்டியோடு உட்கார்ந்தபோது ஒரு ஆச்சரியம் நடந்தது. பள்ளியில் தனித்தனியாக மணி அடித்து வரும் பாடங்கள் எல்லாம் பாட்டியின் கதையில் ஒன்றாகக் கிடந்தன.

மெட்ரோலாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்தால் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? அறிவியல் பாடத்தில் அடர்த்தி என்று படித்திருக்கிறோம். சூத்திரமும் தெரியும். ஆனால் ரப்பர் பால் தண்ணீரை விட லேசானது என்பதை நான் யோசித்ததே இல்லை. தண்ணீர் கூடக் கூடப் பாலின் அடர்த்தி ஏறும், கருவி மேலே எழும்பி மிதக்கும். நல்ல பாலில் அது ஆழமாக இறங்கும். சூத்திரத்தை மூன்று வருடம் எழுதியவன் நான். அதன் அர்த்தம் புரிந்தது அந்த வாளியில்தான்.

பாலில் மழைத்தண்ணீர் விழுந்தாலோ, ஸ்டோருக்குக் கொண்டு போகத் தாமதமானாலோ பால் உறைந்து கெட்டுப் போகும் என்று பாட்டி சொன்னார். உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்களாம், அந்த வாடை மூக்கை எரிக்குமாம். இந்த வருடம் வேதியியலில் அதே பாடம் வந்தது. ரப்பர் துகள்களைச் சுற்றி எதிர்மின் ஏற்றம் கொண்ட புரதச் சவ்வு இருக்கிறது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. அமிலம் சேர்ந்தால் அந்த ஏற்றம் போய்விடும். துகள்கள் மோதிச் சவ்வு உடைந்து பால் கட்டியாகும். வெளியே வைத்த பாலில் பாக்டீரியாவே அமிலத்தை உண்டாக்கிவிடும். அமோனியா காரம், அது அமிலத்தைச் சமன் செய்துவிடும். வகுப்பில் ஆசிரியர் இதை விளக்கியபோது பாதிப் பேர் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாடையே வந்தது.

பிறகு செம்பனை. 1970களில் பாட்டி செம்பனைக்கு மாறியபோது, "பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை" செய்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பூவுக்கு எதற்குப் பவுடர்? விசாரித்தால், அது மகரந்தச் சேர்க்கை. ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்து, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரித் தூளோடு கலந்து, பெண் பூங்கொத்தில் ஊதிவிட வேண்டும். ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு நிரையாக. நம் தோட்டத்துப் பெண்கள் கையால் செய்த வேலை அது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? செம்பனையில் காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்றுதான் அந்தக் காலத்தில் பொதுவாக நம்பினார்கள். நம் நாட்டில் அது போதவில்லை, அதனால் ஆள் வைத்து ஊதினார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. செம்பனையின் தாய் மண்ணான மேற்கு ஆப்பிரிக்காவில், கெமரூன் நாட்டில், பூக்களுக்குப் பக்கத்திலேயே இருந்து கவனித்தார். அங்கே ஒரு சிறிய கூன்வண்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1981இல் அந்த வண்டை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பாட்டியின் பவுடர் வேலை அதோடு முடிந்தது. இன்று நாம் சாப்பிடும் சமையல் எண்ணெய்க்குப் பின்னால் அந்த வண்டின் உழைப்பு இருக்கிறது. எல்லாரும் எழுதி வைத்ததை அவரும் பார்த்து எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

வரலாறு இன்னும் பக்கத்தில் இருந்தது. நான் இணையத்தில் தேடிய வட்டார வரலாறு எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில்தான் கிடந்தது. மலேசியாவிலேயே வணிக முறையில் முதன்முதலில் செம்பனை நட்ட தோட்டம் எங்கள் ஊர் தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917. பெயரைச் சொல்லிப் பாருங்கள், தமிழே கேட்கிறது. நட்டவர் ஹென்றி ஃபொக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் நம் தோட்டத்து வாழ்க்கையைப் பார்த்து ஒரு நாவலும் எழுதினார். அதற்கு 1930இல் பிரான்ஸ் நாட்டின் கோன்கூர் பரிசு கிடைத்தது. கடல் தாண்டி வந்த துரை இங்கே கண்ணைத் திறந்து பார்த்து எழுதியிருக்கிறார். இங்கேயே பிறந்த நான் ஒரு ராத்திரியில் நகல் எடுத்துக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

பாட்டி நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்ததே ஒரு சட்டத்தால்தான். 7 முதல் 14 வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வைக்கச் சட்டம் இருந்தது. பிள்ளையைக் கடைசி வரை படிக்க வைக்க அப்போது சட்டம் இல்லை. ஆரம்பக் கல்வி கட்டாயமானது 2003இல். பாட்டிக்குக் கிடைக்காத பதினோரு வருடம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்ற எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கர்ணனும் சத்தியகாமனும்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். என் நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். "நம்ம நிலைமை அப்படிடா. நமக்கு நிலமா, பணமா, ஆள் பலமா? மார்க்தான் இருக்கு. அதையும் எப்படியாவது எடுத்தாத்தானே மேல போக முடியும்?"

இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. நம் இதிகாசமே இதைக் கேட்டிருக்கிறது. கர்ணனை நினைத்துப் பாருங்கள். பிரம்மாஸ்திரம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். துரோணர் மறுத்துவிட்டார். திறமை இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. அதனால் பரசுராமரிடம் போய் நான் பிராமணன் என்று பொய் சொல்லிச் சேர்ந்தான். நன்றாகப் படிக்கவும் செய்தான். குரு அவன் மடியில் தலை வைத்துத் தூங்கும்போது ஒரு வண்டு தொடையைத் துளைத்தது. அசையாமல் தாங்கினான். அந்த ரத்தத்தினாலேயே பொய் வெளிப்பட்டது. வேண்டிய நேரத்தில் இந்த வித்தை உன் நினைவுக்கு வராது என்று குரு சபித்தார்.

கர்ணன் மேல் எனக்கு இன்றும் இரக்கம்தான். கதவைச் சாத்தியவர்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சாபத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அது ஏதோ மந்திரத்தால் வந்தது என்று தோன்றவில்லை. பொய்யின் மேல் கட்டிய படிப்பு தேவையான நேரத்தில் கைவிடும் என்பதற்கு நானே சாட்சி. என் முதல் ஃபோலியோ என் நினைவில் இல்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தில் இன்னொரு பையன் வருகிறான். சத்தியகாமன். அவனுக்கும் படிக்க ஆசை. அவனுக்கும் குலம் கோத்திரம் தெரியாது. அம்மா ஜாபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் வேலை செய்து திரிந்த காலத்தில் உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயரைச் சேர்த்து சத்தியகாம ஜாபாலன் என்று சொல் என்கிறாள் அந்தத் தாய். அவன் கௌதமர் என்ற குருவிடம் போய் அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. குரு அந்த உண்மைக்காகவே அவனைச் சேர்த்துக்கொள்கிறார்.

சேர்த்ததும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாரா? இல்லை. 400 மெலிந்த மாடுகளைக் கொடுத்து மேய்க்க அனுப்புகிறார். இவை ஆயிரமாகும் வரை திரும்ப மாட்டேன் என்று சொல்லிப் போகிறான். அந்தக் காட்டில் காளையிடமும் நெருப்பிடமும் அன்னத்திடமும் நீர்ப்பறவையிடமும் அவன் பாடம் கேட்கிறான். திரும்பி வந்த பிறகும், குருவே நீங்களும் சொல்லிக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்கிறான்.

இரண்டு பேரும் ஒரே நிலைமையில் இருந்தவர்கள். ஒருவன் பொய் சொன்னான், ஒருவன் உண்மை சொன்னான். உண்மை சொன்னால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கௌதமர் மாதிரி எல்லாரும் இருப்பதில்லை. பாட்டியிடம் இதைக் கேட்டேன். "தராசு நம்ம கையில இல்லய்யா. அது கிராணி கையில. அவன் சரியா நிறுத்தானோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? வாளி நம்ம கையில. அதுலயும் தண்ணி ஊத்திட்டா, நாளைக்கு அவன் குறைச்சு நிறுத்தா கேக்க நமக்கு வாய் இருக்குமா?" என்றார்.

நம் சமுதாயத்துக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்று நாம் பேசுகிறோம். பேச வேண்டும். அப்படிக் கேட்கும் வாய்க்கு, நம் வாளி சுத்தமாக இருப்பதுதான் பலம்.

நண்பனுக்குக் காட்டுவது தர்மமா?

நன்னெறிப் பாடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அக்கா எஸ்.பி.எம். எழுதிய காலத்தில் அந்தப் பாடத்தில் 36 பண்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் விளக்கத்தையும் சொல் மாறாமல் ஒப்பிக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் நடந்துகொண்டே படிப்பார். "நேர்மை"யின் விளக்கத்தில் ஒரு சொல் விட்டுப் போனால் மதிப்பெண் போய்விடும் என்று பயம். நேர்மையாக இருக்கிறாயா என்று அந்தத் தாள் கேட்பதில்லை, அதைக் கேட்கவும் ஒரு தாளால் முடியாது.

போன வருடம் ஒரு தேர்வில் எனக்கே அந்தக் கேள்வி வந்தது. பக்கத்தில் இருந்த நண்பன் மெதுவாகத் தாளைத் தள்ளச் சொன்னான். நடந்துகொண்டிருந்தது நன்னெறித் தேர்வு. நான் காட்டவில்லை. வெளியே வந்ததும் அவன் கோபத்தில் கத்தினான். "உனக்கென்ன, வீட்டுல உட்கார்ந்து படிக்கிற. நான் சனி ஞாயிறு அப்பாவோட பழத்துக்குப் போறேன்லா. உதிரிப் பழம் பொறுக்கிட்டு வந்து எப்படா படிக்கிறது?"

அவன் சொன்னது உண்மை. அவன் அப்பா பழம் வெட்டுகிறவர். உதிரிப் பழம் பொறுக்க ஆள் இல்லையென்றால் அன்றைய கணக்கு குறையும். நான் அன்று நல்லவனாக வீட்டுக்குப் போகவில்லை. கல்நெஞ்சக்காரனாக உணர்ந்தேன். இந்த வயதில் நமக்கு நட்பை விடப் பெரிய தர்மம் எது?

ரொம்ப நாள் யோசித்த பிறகு எனக்குப் புரிந்தது இது. தாளைத் தள்ளிக் காட்டியிருந்தால் எனக்கு அரை நிமிட வேலை. அதோடு என் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அவனோடு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் உட்காருவது கஷ்டம். சுலபமானதைச் செய்துவிட்டு அதற்கு நட்பு என்று பெயர் வைப்பது எனக்குத்தான் வசதி. தேர்வில் காட்டாதது சரி. ஆனால் தேர்வுக்கு முன்னால் அவன் பக்கத்தில் உட்காராதது என் தப்பு. அந்தத் தப்புக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை கோயிலில் தேவார வகுப்பு முடிந்ததும் மண்டபத்தின் ஓரத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்காருகிறோம். வரலாற்றில் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை என்பதால் முதலில் வரலாறு. அவன் மதிப்பெண் ஒன்றும் வானத்துக்கு ஏறிவிடவில்லை. போன தேர்வில் வரலாற்றில் மயிரிழையில் தேறினான். ஆனால் செம்பனையைப் பற்றி எனக்குத் தெரியாததை அவன் சொல்லிக் கொடுத்தான். எந்தக் குலை பழுத்தது, எது காய் என்று தரையில் விழுந்த உதிரியை எண்ணியே சொல்லிவிடுவான். உயிரியல் புத்தகத்தை நான் திறந்தால், அந்தப் பக்கம் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதற்குப் பெயர் உயிரியல் என்று மட்டும் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

கடைசியாக

சாந்தோக்கியத்திலேயே நாரதர் கதை ஒன்று உண்டு. அவர் சனத்குமாரரிடம் பாடம் கேட்கப் போகிறார். உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று அவர் கேட்க, நாரதர் ஒரு பெரிய பட்டியலே சொல்கிறார். நான்கு வேதங்கள், இதிகாச புராணங்கள், இலக்கணம், எண் கணக்கு, தர்க்கம், நட்சத்திர சாத்திரம், இன்னும் எத்தனையோ. நம் அட்டவணையை விட நீளம். சொல்லிவிட்டு, எனக்குச் சொற்கள் மட்டும்தான் தெரியும், என் துக்கம் இன்னும் தீரவில்லை என்கிறார். அந்தப் பெரியவரே இப்படி ஒப்புக்கொண்ட பிறகுதான் அவருக்கு உண்மையான பாடம் ஆரம்பமாகிறது.

இப்போது நிலைமை இன்னும் சுலபமாகிவிட்டது. கைப்பேசியில் கேட்டால் அரை நிமிடத்தில் முழுக் கட்டுரையும் வந்துவிடும். எந்த ஆசிரியரும் கண்டுபிடிக்க முடியாதபடி அழகாக இருக்கும். கிராணி கையில் இருந்த மெட்ரோலாக் இனி வேலை செய்யாமல் போகலாம். அப்போது அந்தக் கருவியை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட சோதனை ஒன்று இருக்கிறது. எந்தப் பாடத்தைப் படித்தாலும், புத்தகத்தை மூடிவிட்டு அதைப் பாட்டிக்குச் சொல்லிப் பார்ப்பேன். வீட்டுத் தமிழில், அவருக்குப் புரிகிற மாதிரி. சொல்ல முடிந்தால் அது பால். எங்கே தடுமாறுகிறேனோ அங்கே தண்ணீர். முக்கால்வாசி நாள் தண்ணீர்தான் அதிகம் என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். வேதியியலில் இன்னும் நிறையத் தடுமாறுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். ஈஜோக்கிலோ, புக்கிட் ரோத்தானிலோ, தஞ்சோங் காராங்கிலோ, சாபாக் பெர்ணமிலோ. நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களாக இருப்பார்கள். இந்த வாரம் படித்த ஏதாவது ஒரு பாடத்தை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேற்று ராத்திரி நான் மின்னோட்டப் பாடத்தைச் சொன்னேன். பாட்டி எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப லயத்துல ராத்திரி பத்து மணிக்குக் கரண்டை நிப்பாட்டினாங்களே, அது எங்கய்யா போச்சு?" என்றார்.

இன்று பள்ளியில் ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.